மாசியிலிருந்து சித்திரை வரை: வீட்டுத் தோட்டத்திலும் அடையாறு முகத்துவாரத்திலும் பறவை பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம், மந்தைவெளிப் பக்கம் குடியிருப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது என்றாலும், கடலோரத்தில் ஆறு கலக்கும் எந்த ஊருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சென்னையில் பறவை பார்க்க டிசம்பர், ஜனவரிதானே நல்லது? மார்ச்சில் என்ன இருக்கப்போகிறது?

எண்ணிக்கைக்கு மார்கழி, தை நல்லதுதான். ஆனால் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை உள்ள நாட்களுக்கு ஈடில்லை. வீட்டைச் சுற்றியுள்ள பறவைகள் ஜோடி சேர்ந்து, பாடி, சண்டை போட்டு, கூடு கட்டத் தொடங்கும். அதே நேரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆற்று முகத்துவாரத்தில் பனிக்காலம் கழிக்க வந்த பறவைகள் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, இறகு மாற்றிக்கொண்டு, வடக்கே கிளம்பும். குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நம் கடற்கரையில் அது பாதிக்குப் பாதி வழியனுப்பும் காலம். தோட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கும் முகத்துவாரத்தை மட்டும் பார்ப்பவருக்கும் கதையின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். காலையில் அரை மணி நேரம் வீட்டில், வாரம் ஒரு முறை ஆற்றோரத்தில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து புரியத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் தோட்டமே இல்லை. மூன்றாவது மாடி பால்கனிதான்.

போதும். மூன்றாவது மாடி என்றால் முருங்கை, வேம்பு, பூவரசு மரங்களின் உச்சி உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். கீழே நிற்பவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். எதிர்வீட்டு முருங்கை பூத்தால் தேன்சிட்டுகள் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

தொட்டி வைக்க இடமிருந்தால் இட்லிப்பூ, செம்பருத்தி வையுங்கள். தரையில் கொஞ்சம் இடமிருந்தால் கறிவேப்பிலையை வெட்டாமல் மரமாக விடுங்கள். அதன் கருநிறப் பழங்களுக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் தவறாமல் வரும். சிங்கப்பூர் செர்ரி மரம் தெருவில் ஒன்று இருந்தாலே பூக்கொத்தி வந்துவிடும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் குருவியைக் கண்ணால் தேடுவதைவிட ‘டிக் டிக்’ என்ற குரலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது எளிது.

அடையாற்றின் தென்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை: பிரம்மஞான சபையின் தோப்பு. 1882லிருந்து அந்த இடம் சபையின் கையில் இருப்பதால் நகரத்துக்கு நடுவே பழைய மரங்கள் அப்படியே நிற்கின்றன. வால்காக்கை, பொன்முதுகு மரங்கொத்தி, புள்ளி ஆந்தை எல்லாம் அங்கிருந்து சுற்றுத் தெருக்களுக்கு வந்து போகும்.

விடியற்காலை நாலரை மணிக்கே கத்தித் தூக்கத்தைக் கெடுப்பது எது?

பெரும்பாலும் ஆண் குயில். ‘கூ...ஊ, கூ...ஊ’ என்று ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தும். கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். பெண் குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருக்கும். அது கூவாது. ‘கிக்-கிக்-கிக்-கிக்’ என்று விரைந்து கத்திக்கொண்டு பறக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் எங்கேயோ காக்கைக் கூடு இருக்கிறது, குயில் ஜோடி அதை நோட்டம் விடுகிறது என்று தாராளமாக ஊகிக்கலாம். ஆண் குயில் காக்கைகளைச் சீண்டித் துரத்த வைக்கும்போது பெண் குயில் கூட்டுக்குள் புகுந்து முட்டையிடுவதைப் பார்க்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

குரல் குயிலைப்போல ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் மூன்று மூன்று அசையாக, கடைசியில் வெறிபிடித்ததுபோல் முடிகிறது என்றால் அது அக்காக்குயில். பார்வைக்கு வல்லூறு போலவே இருக்கும். அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில் அல்ல, கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவிகளின் கூட்டில்.

பகலில் வெயில் ஏறிய பிறகும் ‘டொக்... டொக்... டொக்...’ என்று ஒரே சீராக யாரோ செம்பைத் தட்டுவதுபோல் கேட்பது செம்மார்புக் குக்குறுவான். இதைத் தேடும்போது குரல் இடம் மாறுவதாகத் தோன்றும். பறவை நகர்வதில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கூப்பிடுகிறது, அவ்வளவுதான். இலையில்லாத உச்சிக்கிளைகளைப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் அதன் தொண்டையைக் கவனியுங்கள்: அலகை மூடியபடியே, ஒவ்வொரு ‘டொக்’குக்கும் மஞ்சள் தொண்டை உப்பி அடங்கும்.

அப்புறம் குண்டுக்கரிச்சான். கறுப்பு வெள்ளை உடல், நிமிர்ந்த வால். ஆன்டெனா, தண்ணீர்த்தொட்டி விளிம்பு என்று உயரமான இடத்தில் உட்கார்ந்து பல விதமாகச் சீழ்க்கையடிக்கும். மழைக்காலத்தில் புதர் அடியில் சத்தமில்லாமல் திரியும் அதே பறவைதான்.

ஒரு சின்னக் குருவி கார் கண்ணாடியை ஓயாமல் கொத்துகிறது. அதற்குப் பைத்தியமா?

இல்லை, காவல் காக்கிறது. கூடு கட்டும் காலத்தில் ஆண் தேன்சிட்டு தன் எல்லைக்குள் வேறு ஆண் வருவதைப் பொறுக்காது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மோதும். மணிக்கணக்கில் இப்படிச் சண்டை போட்டு, சாப்பிடும் நேரத்தையும் இழக்கும். கண்ணாடியை மடக்கிவிடுங்கள், அல்லது ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். ஜன்னல் என்றால் வெளிப்பக்கத்தில் செய்தித்தாள் ஒட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெளியிலிருந்து பிம்பம் இன்னும் நன்றாகத் தெரியும், பயன் இல்லை.

இந்த மாதங்களில் ஆண் ஊதாத் தேன்சிட்டைச் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். நிழலில் வெறும் கறுப்பாகத் தெரிவது ஒளி பட்டதும் நீலம், ஊதா, பச்சை என்று மாறும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இந்தப் பளபளப்பு போய், மஞ்சள் வயிற்றில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும்.

துணி காயப்போடும் கொடியில் கூடு தொங்குகிறது. என்ன செய்வது?

தொடாதீர்கள். கொடியை அவிழ்க்காதீர்கள். சிலந்தி வலை, பட்டைச் சிதர், காய்ந்த சருகு எல்லாம் ஒட்டித் தொங்கும் பை போன்றிருந்தால் தேன்சிட்டுக் கூடு. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சிறு கூரைகூட இருக்கும். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம் துணியை வேறு இடத்தில் காயப்போடலாம், இது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை.

அகன்ற இலை ஒன்றின் ஓரங்கள் பஞ்சு நூலால் தைத்ததுபோல் இணைந்திருந்தால் தையல்சிட்டு. குரோட்டன்ஸ், பாதாம், கத்திரி என்று எந்தச் செடியிலும் வரும். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வேலியைக் கத்தரிக்காமல் இருப்பது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

கைபேசியைக் கூட்டுக்குள் நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். நீங்கள் போன வழியைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். முட்டை போவது பெரும்பாலும் அப்படித்தான்.

தண்ணீர், தீனி வைக்கலாமா?

தண்ணீர் கட்டாயம் வையுங்கள். வாயகன்ற மண்சட்டி, இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொசுவும் வரும், நோயும் பரவும். பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் வேண்டாம். சமைத்த சோறு காக்கைக்கு வைப்பது நம் வழக்கம், அதில் உப்பில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்சர், பிஸ்கட், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை. பூச்சிமருந்து அடிக்காத ஒரு செடி எந்தத் தீனியையும்விட மேல், ஏனென்றால் பழமும் தேனும் தின்னும் பறவைகள்கூடக் குஞ்சுகளுக்குப் பூச்சிதான் ஊட்டும்.

ஆறுமணிக்குருவி என்கிறார்களே, அது இப்போதும் இருக்குமா?

ஏப்ரல் வரை இருக்கும், சில ஆண்டுகளில் கொஞ்சம் தாண்டியும். காலை ஆறு, மாலை ஆறு என்று அந்திகளில் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் கீழே சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் மரத்தடிச் சருகில் புழு தேடும்போது கண்ணில் படாது. மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டும் பறவை இது. பனிக்காலத்துக்குத் தெற்கே வருகிறது.

இரவில் பயணம் செய்வதால் விளக்கு வெளிச்சத்தில் குழம்பிச் சுவரில் மோதி விழுவதும், வீட்டுக்குள் வந்துவிடுவதும் நடக்கும். அப்படிக் கிடைத்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதில் விட்டு மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்தால் மரங்கள் உள்ள இடத்தில் அதிகாலையிலோ மாலையிலோ விடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான்.

முகத்துவாரத்தில் எங்கே, எந்த நேரத்தில் நிற்க வேண்டும்?

சூரியனையும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காலை என்றால் கடற்கரைப் பக்கம், அதாவது ஊரூர் குப்பத்து மணலில் நின்று மேற்கே ஆற்றைப் பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவைகளின் நிறம் துல்லியமாகத் தெரியும். மாலை என்றால் திரு.வி.க. பாலத்து நடைபாதையிலிருந்து கிழக்கே பாருங்கள். இதை மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். 1967ல் கட்டி 1977ல் உடைந்த பழைய பாலம் படம் எடுக்க அழகாக இருக்கும், ஆனால் அதன் மேலே ஏற வேண்டாம்.

சென்னையில் கடல் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் சேறு தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டரே பெரிய மேடுகளைத் திறந்துவிடும். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது போய், முழுவதும் வற்றும் வரை இருங்கள். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, குப்பத்து மீனவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். கோடை நெருங்கும்போது மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டுப்போவதுண்டு. அப்போது ஏற்றம் இறக்கம் இரண்டும் இருக்காது, தண்ணீர் குட்டையாக நிற்கும். அந்த நாட்களில் ஆழமில்லாத ஓரங்களில் நெடுங்கால் உள்ளான்களையும் கொக்குகளையும் தேடுங்கள்.

சேற்றில் திரிவதெல்லாம் ஒரே மாதிரி பழுப்பாக இருக்கிறதே?

எல்லோரும் மிரள்வது இங்கேதான். நிறத்தை மறந்துவிட்டு நடையைப் பாருங்கள். நாலு அடி ஓடி, சட்டென நின்று, குனிந்து ஒன்றைக் கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. கண் பெரியது, அலகு குட்டை: அது கண்ணால் பார்த்து வேட்டையாடும். நிற்காமல் நடந்துகொண்டே சேற்றில் அலகை விட்டு விட்டு எடுத்தால் உள்ளான் வகை. அலகு நுனியால் தடவிப் பார்த்தே புழுவைக் கண்டுபிடித்துவிடும்.

தனியாக ஒன்று கல் மேல் நின்று வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டுகிறதா? சாதா உள்ளான். உறுதிப்படுத்த மார்பின் ஓரத்தைப் பாருங்கள். வயிற்று வெள்ளை ஒரு விரல்போல இறக்கையின் மடிப்புக்கு முன்னால் மேலேறி நிற்கும். ஒரு முறை அதைப் பார்த்துவிட்டால் பிறகு நூறு மீட்டர் தூரத்திலும் தவறாது. முதுகெல்லாம் வெண்பொரி தூவியது பொரி உள்ளான். கூட்டமாக, சிட்டுக்குருவி அளவில், கறுப்புக் காலோடு பரபரவென்று ஓடுவது கொசு உள்ளான். கால் பவழச் சிவப்பு, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை என்றால் பவளக்காலி.

ஒரு காலைக்கு ஒரு இனம் போதும். இருபது பெயரை ஒரே நாளில் மனப்பாடம் செய்தவர்கள் மறுவாரம் வருவதில்லை.

மார்ச் கடைசியில் பறவைகள் நிறம் மாறுவது ஏன்? எங்கே போகின்றன?

கல்யாணத்துக்குத் தயாராகின்றன. எனக்கு ஆண்டிலேயே மிகப் பிடித்த நாட்கள் இவை. பனிக்காலம் முழுதும் சாம்பலாக இருந்த மணல்நிற உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பழுப்புப் பட்டை படரும். பொன் உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்பு திட்டுத்திட்டாக ஏறும். அலகு நுனி வளைந்த உள்ளான் வகை ஒன்று செங்கல் நிறத்துக்கு மாறும். கடற்காகங்களைப் பாருங்கள்: கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளியாக மட்டும் இருந்த பழுப்பு தலை முழுவதும் பரவியிருக்கும். மீசை ஆலாவின் வயிறு கருஞ்சாம்பலாகி, வெள்ளைக் கன்னம் தனித்துத் தெரியும்.

மணல்நிற உப்புக்கொத்தி திபெத், பாமீர் மேட்டுநிலங்களுக்குப் போகிறது. பழுப்புத்தலைக் கடற்காகம் மத்திய ஆசிய, திபெத்திய ஏரிகளுக்கு. செங்கல் நிறமாக மாறிய அந்த உள்ளான் சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்துக்கு, அதாவது மரமில்லாத பனிவெளிக்கு. சாதாரணமாக முப்பது கிராம்கூட எட்டாத கொசு உள்ளானும் ஆர்க்டிக் கரைவரை போகிறது. இதற்கெல்லாம் எரிபொருள், நம் ஆற்றுச் சேற்றில் உள்ள புழுவும் சிறு நத்தையும்தான். அதனால்தான் ஏப்ரலில் அவற்றைக் கிளப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு முறை பறந்தெழும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது.

மே, ஜூனில் சில மங்கலான பறவைகள் மிஞ்சியிருந்தால் அவை காயப்பட்டவை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் முதல் வயதுக் குஞ்சுகள், அடுத்த ஆண்டு போகும்.

உள்ளூர்க்காரர்களும் உடை மாற்றுவார்கள். குருட்டுக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாகும், உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகும். புதுப் பறவை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நாற்றமடிக்கும் ஆறு. இங்கே பறவை இருப்பதாலேயே ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. கழிவு கலந்த நீரிலும் சில புழுக்கள் ஏராளமாகப் பெருகும், அவற்றைத் தின்னும் சில பறவைகள் கூடும். மீனை நம்பியிருப்பவையும் சுத்தமான மணற்சேறு வேண்டுபவையும் குறைந்துபோகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது, எந்தெந்த இனம் என்று பார்த்தால்தான் தெரியும். கரையோரத்தைக் கட்டிட இடிபாடு கொட்டி மேடாக்கியதும் சேர்ந்து, பறவைகள் இறங்கும் இடம் சுருங்கிவிட்டது. இருக்கும் சேறாவது சேறாகவே இருக்க வேண்டும். அதைத் தரிசு நிலம் என்று எழுதும் ஒவ்வொரு திட்டத்தையும் நாம் எதிர்த்துப் பேச வேண்டும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். இருபது, முப்பது மடங்கு என்று விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. வாங்கும் வரை சும்மா கண்ணாலேயே பாருங்கள், தோட்டத்துக்கு அதுவே போதும்.

குறிப்பு எழுதுவது அவசியமா?

அவசியம். இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. முதலில் வந்த நாளை எல்லோரும் எழுதுவார்கள், கடைசியாகப் பார்த்த நாளை எழுதுபவர்கள் மிகக் குறைவு. கடைசி நாள் என்பது அன்றைக்குத் தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் பின்னால் தெரியவரும். எனவே நாட்குறிப்பில் நாள், நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், என்னென்ன பறவை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கை மைனா உட்பட. தோட்டத்துக் கதிர்க்குருவியின் ‘டிச்’ என்ற குரல் எந்த வாரத்தில் நின்றது, பழுப்புக் கீச்சான் எந்த நாளுக்குப் பிறகு வேலியில் இல்லை என்பதெல்லாம் அப்படித்தான் கிடைக்கும்.

இதையே, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் ஆராய்ச்சிக்கும் பயன்படும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. பதினைந்து நிமிடம் பார்த்தால் ஒரு பட்டியல். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல துணைதான், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். 1978லிருந்து இயங்கும் சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற குழுக்களோடு ஒரு முறை போய்வந்தால், தனியாகப் பல மாதம் குழம்பியது அன்றே தெளியும்.

ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றுகிறது. ஏன்?

காலடியில் முட்டை இருக்கலாம். ஆள்காட்டி கூடென்று எதுவும் கட்டாது. மணலில், சரளையில், சில நேரம் மொட்டைமாடியில்கூடச் சிறு பள்ளத்தில் பொதுவாக நாலு முட்டை இடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. வந்த வழியிலேயே, உங்கள் காலடித் தடத்தின் மேலேயே பின்வாங்குங்கள். நாய் கூட வந்திருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தை உடனே இடத்தோடு பகிர வேண்டாம், குஞ்சு பொரிந்த பிறகு பகிரலாம். பொரிந்த குஞ்சுகள் வெகு சீக்கிரம் ஓடத் தொடங்கிவிடும், அதனால் அந்த இடத்தை நீங்கள் விட்டுத்தர வேண்டியது ஏறத்தாழ நாலு வாரம்தான்.